வாசனை கூடாத கப்பல்

புந்தோங், ஈப்போ
8 ஏப்ரல் 2025

பவி தம்பிக்கு, அக்கா கலாதேவி.

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பேப்பரில் பல்லைக் காட்டிக்கொண்டு பனியில் நிற்கிறாயே, பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் உன் கட்டுரை முழுப்பக்கம். பெருமையாகப் படிக்கலாம் என்று டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் பத்தியில் என் தலையில் கல்லைப் போட்டிருக்கிறாய். “ஈப்போவில் என் அக்கா நடத்தும் சலூனில் கழுவிவிடும் ஷாம்புவும் கிரீமும் சாக்கடை வழியே கிந்தா ஆற்றில் கலந்து, கடலைச் சேர்ந்து, ஒருநாள் வடதுருவக் கடலுக்கும் போய்ச் சேரலாம்.” ஏன்டா, உதாரணம் காட்ட உனக்கு ஊரில் வேறு சலூனே கிடைக்கவில்லையா?

மறுநாள் கடையை இன்னும் திறக்கக்கூட இல்லை, அதற்குள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை நூஹு அண்ணன் வாசலில் நிற்கிறார். “என்ன கலா, ஒன் ஷாம்பு போட்டுக் கரடியெல்லாம் தலை குளிக்குதாமே. ஏற்றுமதிலாம் பண்ற, சொல்லவே இல்ல லா!” தினேஸ்வரி டீச்சர் இன்னும் மோசம். தலை முழுக்க டையைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் என்னைக் கண்ணாடியில் பார்த்துக் கேட்கிறாள்: “கலா, நீங்க செய்யிறது இயற்கைக்குக் கெடுதல் இல்லையே?” அந்த டையை அப்படியே விட்டு அனுப்பிவிடலாமா என்று இருந்தது.

அடுத்த வாரம் புத்தாண்டு. வருஷத்தில் நாலு காசு பார்க்கிற வாரம் இது. இந்த நேரத்தில்தான் உனக்குக் கடலைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. என் கடைக்கும் துருவத்துக்கும் சம்பந்தமில்லை என்று அந்தப் பேப்பருக்கு மறுப்பு எழுது. உன் கப்பலில் போன் எடுக்காது, மின்னஞ்சலில் எழுத்து மட்டும்தான் போகும் என்பதால் தப்பித்தாய். இல்லாவிட்டால் காது கிழியத் திட்டியிருப்பேன்.

நான் கொடுத்த கம்பளித் தொப்பியைப் போடுகிறாயா? வெளியே போகும்போதெல்லாம் போடு. துவைத்துத் தொலைக்காதே, சுருங்கிவிடும்.

கோபத்தோடு,
கலா அக்கா


ஆய்வுக் கப்பல், வடதுருவக் கடல்
12 ஏப்ரல் 2025

அக்கா,

மன்னித்துக்கொள். “சேரலாம்” என்றுதான் எழுதினேன், “சேர்கிறது” என்று எழுதவில்லை. அந்த வித்தியாசம் நூஹு அண்ணனுக்குப் புரியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும். நாம் பூசிக் கழுவும் பொருள்களில் சில மக்குவதே இல்லை. முக்கியமாக வாசனைக்குச் சேர்க்கும் செயற்கைக் கஸ்தூரி. காற்றிலும் கடல் நீரோட்டத்திலும் அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கத்தான் நான் வந்திருக்கிறேன். மனிதரே இல்லாத இந்தத் தண்ணீரில் அது இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. என் மூன்று வருஷப் படிப்பு இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது.

அதனால் கப்பலில் எங்களுக்குக் கட்டுப்பாடு. வாசனைச் சோப்பு கூடாது. ஷாம்பு, பவுடர், சென்ட், வெயில் கிரீம், உதட்டு மெழுகு, எதுவும் கூடாது. பனிமேல் வண்டியில் வெகுதூரம் போய், காற்று எங்களைத் தாண்டிக் கப்பல் பக்கம் வீசும்படி நின்று, பனியில் துளை போட்டுத் தண்ணீர் எடுப்போம். போத்தலைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. எல்லாரும் குளிர்காலம் முழுக்க மூடிவைத்த அலமாரிபோல நாறுகிறோம். இதில் வேடிக்கை, போத்தலுக்கு மேல் குனியும்போது எங்கிருந்தோ உன் கடைவாசம் வருகிறது. இத்தனை நாற்றத்தில் என் மூக்குக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது போல.

தொப்பியைப் போடுகிறேன். கதகதப்பாக இருக்கிறது. மறுப்பு எழுதுவதுபற்றி யோசிக்கிறேன்.

பவித்ரன்


புந்தோங், ஈப்போ
15 ஏப்ரல் 2025

பவி,

யோசிக்கிறாயா? என் கடையைப் பேப்பரில் எழுத யோசித்தாயா? அப்போது ஒன்றும் யோசிக்காமல் அக்காவைத் தூக்கி நடுத்தெருவில் வைத்தாய்.

நேற்று புத்தாண்டு. வீட்டில் சொந்தக்காரர்கள் கூட்டம். “பவி எப்படி இருக்கான்?” என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். என்ன சொல்வது? முகம் அலம்பச் சோப்பு கிடையாது, நாறிக்கொண்டு ஐஸில் ஓட்டை போடுகிறான் என்றா? நல்லநாளும் அதுவுமாக நீ எண்ணெய் வைத்துத் தலை குளித்திருக்க மாட்டாய். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. நம் வீட்டில் ஒருத்தன் குளிக்காமல் இருப்பதற்காகக் கப்பல் ஏறினான் என்றால் அப்பா சிரித்தே செத்திருப்பார்.

நான் கேட்பது ஒரே கேள்வி. அந்த ஐஸில் யார் இருக்கிறார்கள்? கரடிக்கு யார் பவுடர் பூசியது? நான் புந்தோங்கில் வாடிக்கைக்காரி புனிதாவின் தலையைக் கழுவினால் அது மலாக்கா நீரிணையைத் தாண்டி, இந்தியாவைச் சுற்றி, வெள்ளைக்காரன் ஊரெல்லாம் பார்த்துக்கொண்டு உன் போத்தலுக்குள் வந்து உட்காருமா? நம் வீட்டுக்கு அனுப்பிய பார்சலே ஒழுங்காக வந்து சேர்வதில்லை.

கரடி என்றதும் ஞாபகம் வருகிறது. தினேஸ்வரி டீச்சர் போனில் ஒரு வீடியோ காட்டினாள். வெள்ளைக் கரடி கூடாரத்தைக் கிழிக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. துப்பாக்கி பிடித்துக் காவல் நிற்கிறவன் ஒழுங்காக நிற்கிறானா? தொப்பி இல்லாமல் ஓர் அடி வெளியே வைக்காதே.

மறுப்பு எங்கே?

கலா அக்கா


ஆய்வுக் கப்பல்
22 ஏப்ரல் 2025

அக்கா,

மறுப்பு எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. இங்கே என் பிழைப்பே ஆடிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு முறையும் கடல் தண்ணீரோடு இன்னொரு போத்தலும் கொண்டுபோவோம். அதில் இருப்பது நாங்களே சுத்தம் செய்து எடுத்துவந்த தண்ணீர். வெற்றுப் போத்தல் என்போம். துளைக்குப் பக்கத்தில் அதைத் திறந்துவைத்து மூடுவோம், அவ்வளவுதான். அதில் ஒன்றுமே இருக்கக்கூடாது. ஏதாவது இருந்தால் அது கடலிலிருந்து வந்ததல்ல, எங்கள் மேலிருந்து விழுந்தது என்று பொருள். அப்புறம் கடல் தண்ணீரில் என்ன கண்டுபிடித்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் வெற்றுப் போத்தலில் செயற்கைக் கஸ்தூரி இருக்கிறது. கொஞ்சநஞ்சமல்ல, கொட்டிக் கிடக்கிறது. முதல் தடவை இயந்திரத்தில் கோளாறு என்றார்கள். மறுபடியும் வந்தது. நான் காய்ச்சலில் படுத்திருந்த அன்று வேறொருவன் போத்தலைத் திறந்தான். அன்று வரவில்லை.

எங்கள் குழுத் தலைவி இங்ரிட் என் அறைக்கு வந்தாள். என் பையைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் உள்ளாடையை முகர்ந்து பார்க்காத குறைதான். ஒன்றும் இல்லை. “ரகசியமாக ஏதாவது பூசுகிறாயா? இப்போதே சொல்லிவிடு” என்றாள். இல்லை என்றேன். “உன் அக்கா சலூன் வைத்திருக்கிறாள் அல்லவா?” என்றாள். கட்டுரையை ஆங்கிலத்தில் படித்துக்காட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தது நான்தானே. எனக்கு இது வேண்டியதுதான்.

இன்னொரு தடவை இப்படி வந்தால் நான் எடுத்த எதையும் கணக்கில் சேர்க்க முடியாது என்றாள். அடுத்த மாதம் சாமான் கொண்டுவரும் கப்பலில் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் படிப்பு அத்தோடு சரி. நான் பொய் சொல்லவில்லை அக்கா. ஆனால் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் உட்கார எல்லாரும் தயங்குகிறார்கள்.

பவி


புந்தோங், ஈப்போ
27 ஏப்ரல் 2025

தம்பி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கையிலிருந்த சீப்பைத் தூக்கி எறிந்தேன். புனிதா பயந்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

யார் அவள் உன் பையைக் கொட்ட? நீ என்ன திருடிவிட்டா வந்தாய்? ஆறாம் வகுப்பில் பக்கத்துப் பையனின் அழிரப்பர் உன் பையில் கிடந்தது என்று ராத்திரி அழுதுகொண்டே நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்தவன் நீ. அதை அவளிடம் சொல். சொல்லத் தெரியாவிட்டால் அவள் முகவரியைக் கொடு, நான் எழுதுகிறேன். என் ஆங்கிலத்தில் தப்பு இருந்தாலும் கோபத்தில் தப்பு இருக்காது.

அந்த இயந்திரத்தை நன்றாகத் துடைத்தார்களா? வெள்ளைக்காரர்கள் சென்ட் பூசாமல் இருப்பார்களா? அவன் அவன் ஒளித்து வைத்திருப்பான். கறுப்பாக இருப்பவன் நீ ஒருத்தன்தானே, பழி போட வசதி. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு விமானம் ஏறி வந்துவிடுவேன்.

நீ கலங்காதே. சாப்பிடு. நம் தோட்டத்துக் கோயில் முனியாண்டி சாமி உன்னைக் கைவிட மாட்டார். நீ திருநீறு பூசமாட்டாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தத் திமிர் உண்டு, எனக்குத் தெரியாதா? அதனால்தான் அவரை உன் நெற்றிக்கு நேராகவே வைத்து அனுப்பியிருக்கிறேன். கரடியும் அண்டாது, அந்த இங்ரிட்டும் அண்ட மாட்டாள்.

கலா அக்கா


ஆய்வுக் கப்பல்
29 ஏப்ரல் 2025

அக்கா!

“நெற்றிக்கு நேராக.” அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது வேர்த்தது.

தொப்பியின் முன்மடிப்பைப் பிரித்தேன். உள்ளே சிவப்புத் துணியில் தட்டையாக ஒரு பொட்டலம். அதைச் சுற்றி உன் தையல். அடடா, என்ன பொறுமையாகத் தைத்திருக்கிறாய்! பாதித் திருநீறு துணி வழியாகவே உதிர்ந்து போயிருக்கிறது. எங்கே போனது என்று நினைக்கிறாய்? குனிந்த ஒவ்வொரு தடவையும் என் வெற்றுப் போத்தலுக்குள் போயிருக்கிறது. கோயிலில் இலை நீட்டுகிறவனுக்குப் போடுவதுபோல முனியாண்டி நெற்றியிலிருந்து பிரசாதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் உடைகளையெல்லாம் வாசனையில்லாத சோப்பில் அலசினார்கள். இதை மட்டும் நீ சொன்னாய் என்று நான் அலசவிடவில்லை. பார்த்தாயா?

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அக்கா? ஒரே ஒரு வார்த்தை?

இன்னொன்று. சாம்பல் என்றால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. சாம்பலுக்கு வாசம் கிடையாது. இது கமகமவென்று மணக்கிறது. என் மூக்குக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. திருநீற்றில் செயற்கைக் கஸ்தூரி எப்படி வந்தது? நீ எங்கே வாங்கினாயோ அங்கே போய்க் கேள். இங்ரிட்டிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது என்றும் தெரியவில்லை.

பவித்ரன்


புந்தோங், ஈப்போ
5 மே 2025

பவி,

ஆமாம், நான்தான் தைத்தேன். என்ன இப்போ? நம் தோட்டத்தில் கடல் தாண்டிப் போகிற யாரையும் முனியாண்டி திருநீறு இல்லாமல் அனுப்பியதுண்டா? தாத்தா முதல் பேரன் வரைக்கும் இதுதான் வழக்கம். உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய். சொல்லாமல் செய்தேன். திரும்பவும் அப்படித்தான் செய்வேன்.

ஆனால் நீ கேட்டது எனக்கும் உறுத்தியது. சாம்பல் ஏன் மணக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுக் காடியை ஓட்டிக்கொண்டு நம் சிலிம் ரிவர் தோட்டத்துக்குப் போனேன். நம் லய வீடுகள் இருந்த இடத்தில் இப்போது தாமான் குடியிருப்பு, மீதியெல்லாம் செம்பனை. கோயில் மட்டும் அதே இடத்தில். பூசாரி கார்த்திகேசு அண்ணன் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, திருநீத்துல என்ன போடுறீங்க?” என்று நேராகவே கேட்டேன்.

“சாம்பல்தாம்மா. வேற என்னத்தப் போடுறது?”

“சாம்பல் ஏண்ணே இப்படி மணக்குது?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஒனக்கும் பிடிச்சிருக்கா? எல்லாம் நீ குடுத்ததுதான் லா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் என்ன குடுத்தேன்?”

“போன வருஷம் திருவிழாவுக்கு ஒரு பெட்டி முகப்பவுடர் குடுத்தியே, பொம்பளைங்களுக்குத் தாம்பூலத்தோட குடுங்கன்னு. பாதி டின்னு அப்படியே கெடந்துச்சு. நல்ல சாமான் வீணாப் போவுதேன்னு கொஞ்சம் கொஞ்சமாக் கலந்தேன். வெள்ளையாவும் ஆச்சு, வாசமாவும் ஆச்சு. தெலுக் இந்தான்லேருந்து கூட வந்து கேட்டு வாங்கிட்டுப் போறாங்க!”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன் பவி. என் கடைப் பவுடர். காலாவதிக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது, புண்ணியமாவது கிடைக்கட்டும் என்று நானே தூக்கிக் கொடுத்த பெட்டி. அதை அவர் சாமி பேரில் எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். நான் கண்ணில் ஒற்றி, உன் தொப்பியில் வைத்துத் தைத்து, துருவத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

நீ பேப்பரில் எழுதியதற்கு நான் எத்தனை குதி குதித்தேன்! ஆறும் வேண்டாம் கடலும் வேண்டாம் என்று ஊசியும் நூலும் எடுத்து நானே செய்து முடித்திருக்கிறேன். நூஹு அண்ணனுக்கு மட்டும் இது தெரிந்ததோ, நான் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

கார்த்திகேசு அண்ணனை ஒரு பிடி பிடித்தேன். “சாமியையே பேரங்காடி ஆக்கிட்டீங்களே!” என்று கத்தினேன். பாவம், மனிதர் நடுங்கிவிட்டார். கலந்ததையெல்லாம் எடுத்துக் குழி தோண்டிப் புதைக்கவைத்துவிட்டுத்தான் வந்தேன். வரட்டி எரித்த வெறும் சாம்பலைக் கொஞ்சம் வாங்கி வந்து, உன் பேரில் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். அது இங்கேயே இருக்கட்டும்.

இங்ரிட்டிடம் உண்மையைச் சொல்லிவிடு. அக்காதான் செய்தாள் என்று சொல். கேவலமாக நினைத்தால் என்னை நினைத்துக்கொள்ளட்டும். உன்னை மட்டும் அனுப்பிவிடக்கூடாது. உடனே பதில் எழுது.

கலா அக்கா


ஆய்வுக் கப்பல்
16 மே 2025

அக்கா,

பயந்திருப்பாய். முதலில் நல்ல செய்தி. என்னை அனுப்பவில்லை.

இங்ரிட்டிடம் தொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். முனியாண்டி யார் என்று விளக்கவே பாதி நேரம் போய்விட்டது. சிரிப்பாளா கத்துவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் செய்யவில்லை. தொப்பியைக் கண்ணாடிச் சாடியில் போட்டு மூடி, அந்தப் பவுடரை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள். வெற்றுப் போத்தலில் இருந்த அதே கஸ்தூரி. “உன் அக்கா தையலில் கெட்டிக்காரி” என்றாள். அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

பழைய போத்தல்களையெல்லாம் கொட்டிவிட்டோம். எல்லாரும் புது உடுப்பு. இன்னும் தள்ளி, யாரும் போகாத இடத்தில் பனியில் புதுத் துளை. இந்தத் தடவை எனக்கே பயம், அதனால் இங்ரிட்டே போத்தலைத் திறந்தாள். நான் தூரத்தில், காற்று அவள் பக்கமிருந்து என் பக்கம் வீசும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வெற்றுப் போத்தலில் ஒன்றுமே இல்லை அக்கா. அந்தத் தாளைப் பார்த்ததும் நான் துள்ளிக் குதித்தேன்.

அப்புறம் கடல் தண்ணீரின் தாள் வந்தது. அதில் கஸ்தூரி இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. வெயில் கிரீமில் சேர்க்கும் சரக்கும் இருக்கிறது. மறுபடி எடுத்தோம், ஆழத்திலிருந்தும் எடுத்தோம். இருக்கிறது. பனிக்கு அடியில், எந்த மனிதரும் கால் வைக்காத தண்ணீரில் பவுடர் வாசம். நான் இதைத் தேடித்தான் வந்தேன். கிடைத்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இது உன் பவுடர் இல்லை. உன் தொப்பி சாடிக்குள் பூட்டிக் கிடக்கிறது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நீயே காரணமாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

நீ கேட்ட மறுப்பை எழுதிவிட்டேன். உன் கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று போட்டிருக்கிறேன். சரியென்று நீ எழுதினால் பேப்பருக்கு அனுப்பிவிடுகிறேன்.

பவி


புந்தோங், ஈப்போ
19 மே 2025

தம்பி,

உன்னை அனுப்பவில்லை என்று படித்ததும் கடையிலேயே அழுதுவிட்டேன். அந்த இங்ரிட்டை நிறையத் திட்டிவிட்டேன், அதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பையைக் கொட்டியதற்கு மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

மீதியைப் படிக்கும்போது புனிதா தலை கழுவத் தொட்டியில் சாய்ந்திருந்தாள். ஷாம்பு போட்டு நுரை பொங்கி நிற்கிறது. குழாயைத் திறந்துவிட்டு நான் சும்மா நிற்கிறேன். நுரை சுழன்று சுழன்று ஓட்டைக்குள் போகிறது. “என்னக்கா, தண்ணி கண்ணுல படுது லா” என்று அவள் கத்தியபோதுதான் சுயநினைவு வந்தது. கழுவித்தான் விட்டேன். பாதி நுரையோடு வீட்டுக்கு அனுப்ப முடியுமா? அவளுக்கு அடுத்து தினேஸ்வரி டீச்சர், அப்புறம் கல்யாணப் பெண் ஒருத்தி. ராத்திரிவரை கழுவிக்கொண்டுதான் இருந்தேன். வாசனையில்லாத ஷாம்பு ஏதாவது இருக்கிறதா என்று சரக்கு போடுகிற பையனிடம் கேட்டேன். “வாசமில்லாட்டி யாருக்கா வாங்குவா?” என்கிறான். எரிச்சலாக வருகிறது. அவன் சொல்வதும் சரிதான், அதனால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

மறுப்பைப் பேப்பருக்கு அனுப்பாதே. கிழித்துப் போடு. என் கடைப் பேர் அப்படியே இருக்கட்டும். நூஹு அண்ணன் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆனால் நீ ஒன்று எழுதினாயே, நானே காரணமாக இருந்திருக்கக் கூடாதா என்று. அதைப் படித்து எனக்குக் கோபமே வரவில்லை. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. என் தப்பு என்றால் தொப்பியைப் பிரித்தாய், முடிந்தது. கார்த்திகேசு அண்ணன் தப்பு என்றால் காடி எடுத்துக்கொண்டு போய்க் கத்திவிட்டு வந்தேன், முடிந்தது.

இப்ப யாரு வீட்டு வாசல்லடா போய் நின்னு கத்துறது?

அக்கா